மிச்சத் தொலைவு

சூரிச்சிலிருந்து பேர்கனுக்கு விமானப் பயணம் பதினொரு நிமிடம். அதில் ஏழு நிமிடம் இருக்கைப் பட்டியைப் போடுவதற்கும் கழற்றுவதற்கும் போய்விடும். மிச்ச நாலு நிமிடத்துக்குள் தேநீர் கேட்கிறவர்களைப் பார்த்துப் பணிப்பெண்கள் பரிதாபமாகச் சிரிப்பார்கள். இதே பயணத்துக்கு முன்பு இரண்டேகால் மணி நேரம் பிடித்தது என்பதும், அந்த நேரம் முழுக்க மனிதர்கள் பக்கத்து ஆளின் முழங்கையோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருந்தது.

விமானத்துக்கு வேகம் கூடவில்லை. அது பழைய வேகத்தில்தான் பறந்தது. பாதைதான் குறைந்துவிட்டது. இரண்டு விமான நிலையங்களிலும் ஓடுபாதை முடிகிற இடத்தில் மடிப்பான் என்றொரு இயந்திரம் நின்றது. காயப்போட்ட சேலையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து மடிப்பதுபோல, அவை நடுவிலிருந்த ஆயிரத்து நானூறு கிலோமீற்றர் வானத்தை மடித்து ஐம்பதுக்குள் அடக்கிவிட்டன. கீழே இருந்த ஊர்களும் மலைகளும் பழையபடியே கிடந்தன. மடிந்தது அந்த ஒரு வான்பாதை மட்டும்தான்.

ஆனால் மடித்த சேலையையும் எங்காவது வைக்கத்தானே வேண்டும்? தொலைவு அழிவதில்லை, இடம்தான் மாறும் என்பதை மடிப்பானைக் கண்டுபிடித்தவர்கள் கொஞ்சம் பிந்தித்தான் கண்டுபிடித்தார்கள். ஆரம்பத்தில் மிஞ்சிய தொலைவை அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கடல் நீண்டுபோனதால் ஒரு நாள் பிந்தி வந்து சேர்ந்த கப்பல்காரர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குப் போட்டார்கள். ஒரு பாதையை மடித்தால் அதில் மிஞ்சுகிற தொலைவை அந்தப் பாதையின் இரண்டு முனையிலும் உள்ள நகரங்களிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

அதனால் வந்ததுதான் சுருள். ஒரு கிலோமீற்றரை ஒரு சுருளுக்குள் அடைப்பார்கள். சோற்றுப் பானை அளவில், சாம்பல் நிறத்தில், தலையில் ஒரு திருகோடு இருக்கும். ஏதாவது ஒரு வீட்டின் நடைவழியில் வைத்துத் திருகைத் திருப்பினால் உள்ளே இருக்கிற கிலோமீற்றர் அந்த நடைக்குள் விரிந்துகொள்ளும். திருப்பித் திருகினால் சுருண்டுகொள்ளும். இப்படி எழுநூறுக்குக் கிட்டச் சுருள்கள் சூரிச் விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கில் அடுக்கிக் கிடந்தன. மிச்சம் பேர்கனில். பாதையை நடத்திய 'அண்மை' நிறுவனத்துக்கு அந்தக் கிடங்கு பெரிய தலையிடி. நகரசபை ஒரு வருடத்துக்குத்தான் இடம் கொடுத்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புகிறவர்கள் இலவசமாகக் கொண்டுபோகலாம் என்று வாசலில் அறிவித்தல் ஒட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு கிலோமீற்றரை வீட்டுக்குக் கொண்டுபோய் யார் என்ன செய்வது?

அந்தக் கிடங்கில் காலை நேரப் பொறுப்பாளராக இருந்தவள் நளாயினி. கணவன் தயாபரனுக்கு ரயில் ஓட்டுகிற வேலை. மகள் லோசானில் படித்துக்கொண்டிருந்தாள். நோர்வேயின் பேர்கனில் அவளுடைய அக்கா தவமலர் இருந்தாள்.

அக்காவும் தங்கையும் ஊரைவிட்டு வெளிக்கிட்டு முப்பது வருடத்துக்கு மேல். யார் எந்த நாட்டில் இறங்குவது என்பதைக் கூட்டிவந்த முகவர்தான் தீர்மானித்தான். ஒருத்தியை நோர்வேயில் விட்டான், மற்றவளை சுவிஸில் விட்டான். அன்றையிலிருந்து இருவரும் ஒவ்வொரு நாளும் போனில் கதைத்தார்கள். என்ன கறி என்று தொடங்கும் கதை, உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி, நாளைக்கு என்ன கறி என்று முடியும். முப்பது வருடத்தில் அவர்களுக்குள் ஒரு சண்டை கூட வந்ததில்லை. தயாபரன் சில வேளை, "நீ என்னை விட்டிட்டு உன்ர அக்காவைக் கட்டியிருந்தா இன்னும் சந்தோசமா இருந்திருப்பாய்," என்று பகிடி விடுவான். நளாயினி மறுத்ததில்லை.

மடிப்புப் பாதை திறந்த அன்று முதல் விமானத்திலேயே தவமலர் வந்து இறங்கினாள். வாசலில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். "இனி என்ன, நினைச்ச நேரம் வரலாம்," என்றாள் அக்கா. அவள் நினைக்காத நேரமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தவமலர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். கணவன் இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். மகன் கனடாவில். அந்தப் பாதையை இன்னும் மடிக்கவில்லை. ஆகவே நளாயினி வேலை முடிந்து மதியம் வீட்டுக்கு வரும்போது அக்கா வாசலில் நிற்பாள். கையில் சட்டி நிறைய மீன் குழம்பு. திங்களும் நின்றாள், செவ்வாயும் நின்றாள், ஞாயிறும் நின்றாள்.

"இந்தத் தூளை ஏன் கண்ணாடிப் போத்தில்ல வைச்சிருக்கிறாய்? வெளிச்சம் பட்டா வாசம் போயிடும் எல்லோ."

"முப்பது வருசமா அப்பிடித்தான் அக்கா வைக்கிறன்."

"அதுதான் உன்ர குழம்பு இப்பிடிக் கிடக்கு."

போனில் கேட்டபோது உருசியாக இருந்த குழம்பு அது. "கேக்கவே வாயூறுது நளா," என்று அக்கா எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! இப்போது அதே குழம்பை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உப்புப் போத்தலைத் தேடினாள். அலுமாரித் தட்டில் இருந்த சாமான்கள் இடம் மாறின. பால் பேணி இருந்த இடத்தில் பருப்புப் பேணி வந்தது. திரைச்சீலை கழன்று வேறு திரைச்சீலை ஏறியது. தங்கை அதைத் திரும்ப மாற்றினாள். அடுத்த நாள் அக்கா வந்து அதையும் மாற்றினாள். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போன் நின்றுபோனது. நாளைக்கு நேரிலேயே பார்க்கப் போகிறவர்களுக்கு இன்றைக்குப் போன் எதற்கு? நேரில் இருந்தபோதோ கதைக்க ஒன்றும் வரவில்லை. உப்பு, புளி, அடுப்பு. அக்காவின் முகத்தைப் பார்த்தால் நளாயினிக்குப் பதினைந்து வயதுப் பிள்ளையாகித் திட்டு வாங்கும் பயம் வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்தால் தவமலருக்குத் திருத்த ஏதாவது கண்ணில் பட்டது. நாலு மாதத்தில், ஒரே சமையலறைக்குள் நின்றுகொண்டு இருவரும் ஒரு மதியம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தார்கள். அன்று அக்கா போன பிறகு நளாயினிக்கு ஒரு நினைப்பு வந்தது: 'இவ நாளைக்கு வராமல் விட்டால் நல்லது.' அந்த நினைப்பைக் கண்டு அவளே திடுக்கிட்டாள். முப்பது வருடமாக ஒரே ஒரு நாள் அக்காவின் குரல் கேட்காவிட்டாலும் சோறு இறங்காத ஆள் அவள்.

அந்தக் கிழமைதான் தவமலர் அதைச் சொன்னாள்.

"நளா, நான் ஒண்டு யோசிச்சனான். பதினொரு நிமிசத்துக்கு எதுக்கு ரெண்டு அடுப்பு, ரெண்டு குசினி? பேர்கன் வீட்டைக் குடுத்திட்டு இஞ்சயே வந்திடுறன். உன்ர பிள்ளையின்ர அறை சும்மாதானே கிடக்கு? வாற மாசம் வீடு பாக்க ஆக்கள் வருகினம்."

"நல்லதுதானே அக்கா," என்று நளாயினியின் வாய் சொன்னது. கை கழுவிய சட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தது.

தயாபரன் கேட்டுவிட்டு, "சரிவராதெண்டு சொல்லன்," என்றான்.

"அக்காவுக்கோ? எப்பிடிச் சொல்லுறது?"

தயாபரனுக்கு அது விளங்கியது. அவனுக்கும் ஒரு அண்ணன் இருந்தார். வராதே என்று கூடப்பிறந்தவருக்குச் சொல்வதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழியும் கிடையாது. வந்தவரிடம் எப்போது போகிறீர்கள் என்று கேட்பதே பாவம். ஒரு முறை சொல்லிவிட்டால் அது அடுத்த தலைமுறைக் கலியாணவீடு வரைக்கும் நின்று கதைக்கும். நளாயினிக்கு இரண்டு பயம். ஒன்று, அக்கா வந்து இருந்துவிடுவாள் என்பது. மற்றது, வந்து இருந்தால் தானே அக்காவை வெறுக்கத் தொடங்கிவிடுவோம் என்பது. இரண்டாவதுதான் அவளை உண்மையில் நடுங்க வைத்தது.

அடுத்த நாள் அவள் அக்கா வருவதற்கு முன்பே கிடங்கிலிருந்து ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

நாலாம் மாடியில் இருந்தது அவர்கள் வீடு. வாசற் கதவிலிருந்து சமையலறை வரைக்கும் ஒரு நேரான நடை. சுருளைச் சமையலறை வாசலோரமாக வைத்துத் திருகைத் திருப்பினாள். சத்தம் ஒன்றுமில்லை. வாசற் கதவு மட்டும் பின்னால் போய்ப் போய் ஒரு தபால் முத்திரை அளவுக்குச் சிறுத்து நின்றது. மணி அடித்ததும் சமையலறையில் இருந்த பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தாள். தபால் முத்திரைக்குள் ஒரு புள்ளி தெரிந்தது. அந்தப் புள்ளி அக்காவாக வளர்ந்து வர ஒரு கால்மணி நேரம் எடுத்தது.

"இதென்னடி இது?"

"கொம்பனியால தந்தவை அக்கா. கிடங்கில இடமில்லையாம். வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் ஒண்டு வைக்கவேணுமாம். பகலில விரிச்சுத்தான் வைக்கவேணுமாம்."

பொய் சொல்லும்போது நளாயினி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தவமலர் நடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னவர். பேர்கனில எங்க நடக்க மழை விடுகுது? இஞ்ச எண்டால் நனையாமல் நடக்கலாம்."

அடுத்த நாள் புதுச் சப்பாத்தோடு வந்தாள். வீட்டுக்குள் சப்பாத்துப் போடுகிற வழக்கம் ஏது? அதனால் வெளிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, வெளியில் ஒரு நாளும் போடாத ஒரு வெள்ளைச் சப்பாத்தைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். அதற்கு வீட்டுச் சப்பாத்து என்று பெயரும் வைத்தாள்.

நளாயினி இன்னும் இரண்டு சுருள் கொண்டு வந்தாள். அக்கா ஒரு தண்ணீர்ப் போத்தல் கொண்டு வந்தாள். சுருள் ஐந்தானது. குழம்பு வந்து சேரும்போது ஆறிப்போயிருந்தது. அதைச் சூடாக்கும்போது நுண்ணலை அடுப்பைப் பற்றி அக்காவுக்குப் புதிதாகச் சொல்ல நிறைய இருந்தது. சுருள் ஏழானது. நடையில் இருந்த பொருளெல்லாம் தொலைவோடு சேர்ந்து இழுபட்டுப் போனது. கம்பளத்தில் இருந்த ஒரு பூவைக் கடக்க ஒரு பஸ் தரிப்புத் தூரம் நடக்கவேண்டும். சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படத்தில் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால்தான் பொம்பிளை வருவாள். அக்கா போகும்போது மட்டும் நளாயினி சுருளைச் சுருட்டிவிடுவாள். போகிறவர்களைத் தாமதப்படுத்துவதில் அவளுக்கு விருப்பமில்லை. தயாபரன் வேலை முடிந்து வரும்போது நடை பழையபடி ஆறே எட்டில் கடக்கிற நீளத்தில் கிடக்கும்.

பத்தாவது சுருளை வைத்த அன்று வாசற் கதவு தெரியவே இல்லை. அந்தப் பக்கம் ஒரு மங்கல் வெளிச்சம் மட்டும் இருந்தது. நளாயினி பொத்தானை அழுத்திவிட்டுக் கத்தரிக்காய் வெட்ட உட்கார்ந்தாள். இன்றைக்காவது திரும்பிப் போவாள் என்று ஒரு மனம் நினைத்தது. கால் நோகப் போகிறதே என்று மற்ற மனம் நினைத்தது.

மேசையில் இருந்த போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று விழுந்தது. நாலு மாதமாக விழாத பெயர் அது. நளாயினி கையைத் துடைத்துக்கொண்டு பாய்ந்து எடுத்தாள்.

"நளா, என்ன செய்யிறாய்?"

"குசினிக்குள்ள நிக்கிறன். நீங்கள்?"

"நான் நடக்கிறன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எவடத்தில நிக்கிறியள்?"

"கலியாணப் படத்தடியில. தயாபரனைத் தாண்டிட்டன். நீ இன்னும் வரேல்ல. அலுப்படிச்சுது, அதுதான் எடுத்தனான். என்ன கறி?"

"கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. கொஞ்சம் புளி கூட விடுவமெண்டு நினைச்சன்."

"விடு விடு. கேக்கவே வாயூறுது."

நளாயினி கத்தியைக் கீழே வைத்தாள். நாலு மாதமாக எங்கே போயிருந்தாள் இந்த அக்கா? அவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, காலை மடித்துக்கொண்டாள். போனில் கதைக்கும்போது முப்பது வருடமாக அவள் உட்காருகிற விதம் அது.

கதை ஓடியது. பக்கத்து வீட்டு இங்ரிட் பூனையைத் தொலைத்தது, மீன் சந்தையில் விலை ஏறியது, கனடாவிலுள்ள மகன் எடுக்காத போன். பிறகு தவமலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தான் போனதுக்குப் பிறகு நான் அந்த அறையில படுக்கேல்ல நளா. ஹோலில ரீவியைப் போட்டுட்டுத்தான் நித்திரை கொள்ளுறன். ஆரின்ர குரலாவது கேக்கவேணும் போல கிடக்கு," என்றாள்.

"ஏன் அக்கா இதை எனக்குச் சொல்லேல்ல?"

"எங்க சொல்லுறது? உன்ர முகத்தைப் பாத்தா வருகுதில்லை."

நளாயினியும் சொன்னாள். மகள் படிப்பை விட்டுவிட்டாள் என்பதை. இரண்டு மாதமாகிறது. தயாபரனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நேரில் சொல்லியிருந்தால் அக்காவின் புருவம் உயர்ந்திருக்கும். இப்போது புருவம் எங்கோ நாலு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. அங்கிருந்து வந்தது, "விடு, பிள்ளை கெட்டிக்காரி. வேற வழி பிடிப்பாள்," என்ற குரல் மட்டும்தான்.

சப்பாத்துச் சத்தம் போனில் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நளா, ஒண்டு கேக்கிறன். பொய் சொல்லக்கூடாது. இந்தச் சுருள் கொம்பனி தந்ததோ, நீ கொண்டு வந்ததோ?"

முன்னால் நின்று கேட்டிருந்தால் கொம்பனி என்றுதான் சொல்லியிருப்பாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருப்பாள்.

"நான் கொண்டு வந்தது."

"எத்தினை?"

"பத்து."

சப்பாத்துச் சத்தம் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

"நான் வாறது உனக்கு அவ்வளவு கஷ்டமோ?"

"ஓம் அக்கா," என்று சொல்லும்போதே நளாயினி அழத் தொடங்கிவிட்டாள். "நீங்கள் வராட்டில் அதைவிடக் கஷ்டம். எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல."

இந்த வயதில், ஒரு நடை நடுவில், கையில் சட்டியோடு அக்காவை நிறுத்தி வைத்து இதைச் சொல்ல வேண்டியிருந்ததே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. எழும்பிப் போய்ச் சுருளின் திருகில் கையை வைத்தாள். ஒரு திருகுத் திருகினால் அக்கா முன்னால் நிற்பாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம்.

"அக்கா, நான் சுருட்டிறன். இந்தா, ஒரு நிமிசத்தில இஞ்ச நிப்பியள்."

"சுருட்டாத!"

நளாயினியின் கை அப்படியே நின்றது.

"சுருட்டினா நீ என்ர முகத்தைப் பாப்பாய், நான் உன்ர முகத்தைப் பாப்பன். பேந்து ரெண்டு பேரும் உப்பைப் பற்றித்தான் கதைப்பம்." தவமலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவளும் அழுதிருக்கிறாள். "நாலு மாசமா ஒவ்வொரு நாளும் உன்ர வீட்டுக்கு வாறன், உன்னைக் காணேல்ல. இண்டைக்குத்தான் கண்டனான். இருக்கட்டும் விடு. இன்னும் ஒரு மூண்டு கிலோமீற்றர் கிடக்கும். நான் நடக்கிறன், நீ கதை."

நளாயினி திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து கதைத்தாள்.

அக்கா சமையலறைக்குள் கால் வைத்தபோது வாசலில் மணி அடித்து இரண்டேகால் மணி நேரம் ஆகியிருந்தது. இருவரும் போனைக் காதில் வைத்தபடியே ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். தவமலர் குழம்பை ஒரு வாய் வைத்தாள்.

"உப்புக் குறைவு."

இரண்டு பேரும் சிரித்ததில் நளாயினிக்குப் புரையேறிவிட்டது. சாப்பிட்டு முடியும்வரை அதற்குமேல் அவர்கள் கதைக்கவில்லை. கதைக்கவும் தேவை இருக்கவில்லை. வெளிக்கிடும்போது தவமலர், "வீடு பாக்க வாறவைக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடப் போறன்," என்றாள். சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு பத்துச் சுருள் எடுத்துத் தா. நீ என்னட்டை வரேக்க விரிக்கவேணும் எல்லோ," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அக்காவுக்காகச் சுருள் எடுக்க நளாயினி திங்கட்கிழமை கொஞ்சம் நேரத்தோடு கிடங்குக்குப் போனாள். தான் மட்டும்தான் சுருள் எடுத்திருக்கிறோம் என்று அதுவரை நினைத்திருந்தாள். கதவைத் திறந்தால் பாதிக் கிடங்கு வெறுமையாகக் கிடந்தது. வாசலில் பத்திருபது பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற விமானி, பேர்கனிலிருந்து கிழமைக்கு ஐந்து நாள் வருகிற தன் மாமியாருக்கென்று நாலு கேட்டார். ஒரு இளம் தம்பதி கட்டிலுக்கு நடுவே வைக்க அரைச் சுருள் கிடைக்குமா என்று கேட்டார்கள். வேட்டி கட்டிய ஒருவர் கோயில் நிர்வாகசபையிலிருந்து வந்திருந்தார். தலைவர் பகுதிக்கும் செயலாளர் பகுதிக்கும் நடுவில் வைக்க எத்தனை கொடுத்தாலும் எடுப்பதாகச் சொன்னார்.

மூன்று கிழமையில் கிடங்கு துடைத்து விட்டதுபோல ஆனது. நகரசபையிடம் இடத்தை நீடித்துத் தரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்த அண்மை நிறுவனத்தார் முதலில் நிம்மதிப்பட்டார்கள், பிறகு யோசித்தார்கள். வரிசை குறையவில்லை. காசு கொடுக்கவும் ஆட்கள் தயாராக நின்றார்கள். கொடுக்கச் சுருள் இல்லை. சுருள் வேண்டுமானால் இன்னொரு பாதையை மடிக்க வேண்டும். லிஸ்பனுக்கும் ஹெல்சின்கிக்கும் நடுவில் மடித்தார்கள். அந்தப் பாதையில் போக அவ்வளவு ஆட்கள் இல்லை. விமானங்கள் வெறுமையாகப் பறந்தன. அதைப்பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. மூவாயிரத்துச் சொச்சம் சுருள் கிடைத்ததே! ஆட்களைக் கிட்டவாக்குவதற்கென்று தொடங்கிய நிறுவனம், தொலைவை எடுத்து விற்பதற்காகவே நகரங்களைக் கிட்டவாக்கத் தொடங்கியது. ஏதென்ஸ், டப்ளின், வார்சா என்று ஒவ்வொன்றாக மடிந்தன. மடிய மடிய ஆட்கள் வந்தார்கள், ஆட்கள் வர வர வீடுகளுக்குள் சுருள் விரிந்தது. சில வருடங்களில் ஐரோப்பாவில் எந்த ஊரும் எந்த ஊருக்கும் தூரமில்லை என்றாகிவிட்டது. தொலைவு என்று மிஞ்சியிருந்ததெல்லாம் வீட்டு நடைகளில்தான்.

சூரிச் விமான நிலையத்துப் பலகையில் இப்போதும் 'பேர்கன் – 11 நிமிடம்' என்றுதான் ஓடுகிறது.

தவமலர் இப்போது ஒரு சனி விட்டு ஒரு சனி மட்டும் வருகிறாள். மற்றச் சனி நளாயினி பேர்கன் போவாள், அங்கே அக்காவின் நடை விரிந்து கிடக்கும். வாசலில் மணி அடிக்கும், அடுத்த நிமிடம் போன் அடிக்கும்.

"நளா, என்ன செய்யிறாய்?"

"குசினிக்குள்ள நிக்கிறன். நீங்கள்?"

"வீட்டுச் சப்பாத்தைப் போட்டுட்டன். இதுக்குள்ள ஒரு விசயம், கேள். போன தரம் கதை பாதியில நிண்டு போச்சு. நான் குசினிக்க வந்திட்டன், பேந்து சொல்ல வரேல்ல. பத்துக் காணாது. இன்னும் ரெண்டு சுருள் போடு."

"கிடங்கில ஒண்டும் இல்லை அக்கா. ஐரோப்பாவில மடிக்க இனிப் பாதையும் இல்லையாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யோசிக்கிற சத்தம்.

"சரி விடு," என்றாள் தவமலர். "நான் மெல்ல நடக்கிறன்."